கருக்கலைப்பும் பெண்களின் மனநலமும்: ஆய்வுகளை வாசிக்கும் முறை

கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் மனநலம் அதனால் பாதிக்கப்படுகிறதா என்பது அரை நூற்றாண்டாக மருத்துவ, உளவியல் ஆய்விதழ்களில் விவாதிக்கப்பட்டுவரும் வினா ஆகும். இது பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. பாதிப்பு உண்டு என்று சிலவும், இல்லை என்று சிலவும் கூறுகின்றன. கருக்கலைப்பை எதிர்ப்போரும் ஆதரிப்போரும் தமக்கு உகந்த ஆய்வை எடுத்துக் காட்டுவதால், இத்துறையில் எதையும் அறிவியல்படி சொல்ல முடியாது என்ற எண்ணம் படிப்பவருக்கு ஏற்படுகிறது. அந்த எண்ணம் சரியன்று. ஒவ்வோர் ஆய்வும் எந்தப் பெண்களை எந்தப் பெண்களோடு ஒப்பிட்டது, எந்தக் காலத்தை அளந்தது என்று பார்த்தால் முரண்பாடுகளில் பெரும்பகுதி விளங்கிவிடும். கருக்கலைப்பு அறநெறிப்படி சரியா தவறா என்ற வழக்கு வேறு. அதை எந்தப் புள்ளிவிவரமும் தீர்த்துவைக்காது. இக்கட்டுரை ஆய்வுகளை வாசிக்கும் முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

2011இல் வந்த மூன்று முடிவுகள்

இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ள 2011ஆம் ஆண்டு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு ஜனவரியில் டென்மார்க்கைச் சேர்ந்த ட்ரினெ மங்க்-ஓல்சென் குழுவினரின் ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. முதல் மூன்று மாதத்தில் செய்யப்படும் கருக்கலைப்புக்குப் பின் மனநோய் கூடுவதாகத் தெரியவில்லை என்றது அது. செப்டம்பரில் அமெரிக்க உளவியலாளர் பிரிசில்லா கோல்மனின் தொகுப்பாய்வு 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' இதழில் வெளியானது. கருக்கலைப்பு செய்தவர்களுக்கு மனநலச் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு 81 சதவீதம் கூடுதல் என்றது அது. டிசம்பரில் பிரிட்டனின் ராயல் மருத்துவக் கல்லூரிகளின் அகாதெமி தன் பெரிய மதிப்பாய்வை வெளியிட்டது. விரும்பாத கருவைக் கலைத்தாலும் பெற்றெடுத்தாலும் மனநலச் சிக்கலின் அளவு ஒன்றே என்பது அதன் முடிவு.

ஒரே ஆண்டு, ஒரே பொருள், மூன்று முடிவுகள். செய்தித்தாள் படித்தவர் குழம்பியதில் வியப்பில்லை.

யாரோடு யாரை ஒப்பிடுவது

பள்ளிக்கூட எடுத்துக்காட்டு ஒன்று இங்கு உதவும். ஒரு பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்புக்குப் போகும் மாணவர்களின் அரையாண்டு மதிப்பெண்ணையும் போகாதவர்களின் மதிப்பெண்ணையும் அருகருகே எழுதிப் பார்த்தால், சிறப்பு வகுப்பு மாணவர்களே பின்தங்கி நிற்பார்கள். சிறப்பு வகுப்பால்தான் மதிப்பெண் குறைந்தது என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். காலாண்டில் குறைந்த மதிப்பெண் வாங்கியதால்தானே அவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். வகுப்பு நன்மை செய்ததா, தீமை செய்ததா, ஒன்றும் செய்யவில்லையா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. அதே மாணவர்களின் காலாண்டு மதிப்பெண்ணைப் பார்க்கலாம். அல்லது அதே அளவு பின்தங்கியிருந்தும் வகுப்புக்குப் போகாத மாணவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

கருக்கலைப்பு ஆய்வுகளிலும் இதே சிக்கல்தான். கருக்கலைப்பை நாடும் பெண்களையும் திட்டமிட்டு, விரும்பி, துணையோடு பிள்ளை பெறும் பெண்களையும் ஒப்பிட்டால் இரு குழுவினரும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்கள். வறுமை, துணைவரின் வன்முறை, குழந்தைப் பருவத் துன்பம், முன்பே இருந்த மனச்சோர்வு ஆகியவை திட்டமிடாத கருத்தரிப்புக்கும் இட்டுச்செல்கின்றன, பிந்தைய மனநலக் குறைவுக்கும் இட்டுச்செல்கின்றன. இத்தகைய பொதுக் காரணத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், அதன் பழி முழுவதும் கருக்கலைப்பின் மீது விழுந்துவிடும்.

எனவே சரியான ஒப்பீடு, விரும்பாத கரு உண்டாகிக் கலைத்த பெண்ணுக்கும் விரும்பாத கரு உண்டாகிப் பெற்றெடுத்த பெண்ணுக்கும் இடையிலானதே. பிரிட்டனில் ஆன் கில்கிறிஸ்ட் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை ஓரளவு செய்தது. திட்டமிடாமல் கருவுற்ற 13,261 பெண்களைப் பொதுமருத்துவர்கள் வழியாகத் தொடர்ந்தனர். கலைத்தவர், கேட்டு மறுக்கப்பட்டவர், கேட்டுப் பின் மனம் மாறியவர், கேட்காமலே பெற்றவர் என்று நான்கு குழுக்கள். மொத்த மனநோய் அளவில் கலைத்தவர்க்கும் பெற்றவர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் முன்பு மனநோய் இல்லாதவர்களுள், தமக்குத் தாமே தீங்கு இழைத்துக்கொள்வது கலைத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகவும், மறுக்கப்பட்டவர்களிடம் அதைவிடக் கூடுதலாகவும் இருந்தது. இந்த இரண்டாவது செய்தியை இரு தரப்பாரும் பாதி பாதியாகவே மேற்கோள் காட்டுவது வழக்கம்.

டென்மார்க்கின் பதிவேடுகள்

அந்நாட்டில் 1973 முதல் பன்னிரண்டு வாரம் வரை பெண்ணின் விருப்பத்தின் பேரில் கருக்கலைப்பு சட்டப்படி கிடைத்துவந்தது. ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு; கருக்கலைப்பு, பிரசவம், மனநல மருத்துவமனை வருகை அனைத்தும் அந்த எண்ணில் பதிவாகின்றன. ஆகவே பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. இது பெரிய வசதி. அமெரிக்காவில் வீட்டுக் கணக்கெடுப்புகளில் கேட்கும்போது, நடந்த கருக்கலைப்புகளுள் பாதிக்கும் குறைவானவற்றையே பெண்கள் ஒப்புக்கொள்கிறார்கள். சொல்பவர் யார், மறைப்பவர் யார் என்பதே அங்கே முடிவை மாற்றிவிடும்.

முன்பு மனநோய்க்குச் சிகிச்சை பெறாதவர்களுள், 1995 முதல் 2007 வரை முதன்முறை கருக்கலைப்பு செய்த 84,620 பேரையும் முதன்முறை பிள்ளை பெற்ற 2,80,930 பேரையும் மங்க்-ஓல்சென் குழுவினர் எடுத்துக்கொண்டனர். ஆயிரம் பெண்களை ஓராண்டு கவனித்தால் எத்தனை பேர் முதன்முறையாக மனநல மருத்துவமனைக்கு வருவார்கள் என்று கணக்கிட்டனர். கருக்கலைப்புக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் அந்த எண் 14.6, பிந்தைய பன்னிரண்டு மாதத்தில் 15.2. பிள்ளை பெற்றவர்களிடம் பிரசவத்துக்கு முன் 3.9, பின் 6.7.

இந்த நான்கு எண்களை வைத்து மூன்று வெவ்வேறு தலைப்புச் செய்திகள் எழுதலாம். 15.2ஐயும் 6.7ஐயும் மட்டும் எடுத்தால், கருக்கலைப்பு மனநோயை இரு மடங்குக்கு மேல் ஆக்குகிறது என்று எழுதலாம். 3.9ஐயும் 6.7ஐயும் எடுத்தால், பிரசவம் மனநோயைக் கூட்டுகிறது என்று எழுதலாம். (இதை வைத்து யாரும் பிரசவத்தைத் தடைசெய்யக் கேட்டதில்லை.) 14.6ஐயும் 15.2ஐயும் எடுத்தால், கருக்கலைப்பால் மாற்றமில்லை என்று எழுதலாம். மூன்றாவதே ஆய்வாளர்களின் முடிவு. கருக்கலைப்பு செய்தவர்களின் அளவு அதற்கு முன்பே உயர்ந்திருந்தது என்பதுதான் அதன் சாரம்; காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்ததற்குச் சமம்.

ஆனால் இந்த ஆய்விலும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. முந்தைய ஒன்பது மாதத்துள் கரு உண்டானது தெரிந்து தவித்த வாரங்களும் அடங்குகின்றன. ஆகவே 14.6 என்பது அப்பெண்களின் இயல்பு நிலையன்று, நெருக்கடி கலந்த நிலை என்று சொல்ல இடமுண்டு. அதேபோல் பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதம் முழுக்கக் கருவுற்றிருந்த காலம். இரண்டு 'முன்'களும் ஒன்றல்ல. மேலும் இங்கே எண்ணப்படுவது மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே. குடும்ப மருத்துவரிடம் மாத்திரை வாங்கியவர், யாரிடமும் சொல்லாமல் இரவில் அழுதவர் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். டென்மார்க் பதிவேடுகளிலிருந்தே ஜூலியா ஸ்டைன்பெர்க் குழுவினர் 2018இல் மனச்சோர்வு மாத்திரைகளின் முதல் பரிந்துரையை ஆராய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அங்கும் கருக்கலைப்புக்கு முந்தைய ஆண்டிலும் பிந்தைய ஆண்டிலும் மாத்திரை தொடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முதல் ஆய்வின் ஓட்டையைப் பெருமளவு அடைத்தது அது.

பின்லாந்தில் மிகா கிஸ்லர் குழுவினர் 1996இல் வெளியிட்ட தற்கொலைக் கணக்கும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1987 முதல் 1994 வரை இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு 11.3 தற்கொலைகள். பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டில் 5.9; கருச்சிதைவுக்குப் பின் 18.1; கருக்கலைப்புக்குப் பின் 34.7. எண்கள் அதிரவைப்பவை, இவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆனால் கருச்சிதைவு யாரும் தேர்ந்தெடுத்து நடப்பதன்று என்பதையும், அதற்குப் பின்னும் எண் உயர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கைக்குழந்தை இருப்பது தாயைத் தற்கொலையிலிருந்து காக்கிறது என்பதும் ஒரு வாசிப்பு. கருக்கலைப்பு மனநலத்தைக் கெடுத்திருக்கலாம், அல்லது இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே இரு வழிகளையும் திறந்து வைத்தார்கள். பரப்புரைத் தாள்களில் முதல் வழி மட்டும் அச்சாகிறது.

81 சதவீதம் எப்படி வந்தது

கோல்மனின் தொகுப்பாய்வு 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. அவற்றில் 8,77,181 பெண்கள். அவர்களுள் 1,63,831 பேர் கருக்கலைப்பு செய்தவர்கள். எட்டே முக்கால் இலட்சம் என்ற எண்ணே படிப்பவரை மடக்கிவிடும். ஆனால் தொகுப்பாய்வு என்பது சமையல் போன்றது: அரிசியில் கல் இருந்தால் அண்டாவின் அளவு அதை நீக்காது.

22 ஆய்வுகளுள் 11 கோல்மனே ஆசிரியராக இருந்தவை. தன் ஆய்வைத் தானே சேர்ப்பது குற்றமன்று. ஆனால் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்ற தரவரிசையை அவரே வகுத்தார் என்பதும், ஒரே ஆய்விலிருந்து பல அளவுகளை எடுத்து அவை ஒன்றையொன்று சாராதவை போல் கூட்டினார் என்பதும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. எல்லாவற்றையும்விடக் கற்பதற்குரியது அதே கட்டுரையின் உள்ளே உள்ள மூன்று எண்கள். கருக்கலைப்பு செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் வாய்ப்பு 59 சதவீதம் கூடுதல். கருவைச் சுமந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 138 சதவீதம். திட்டமிடாத கருவைப் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 55 சதவீதம். ஆய்வின் முடிவு ஒப்பீட்டுக் குழுவைப் பொறுத்தே இறங்குகிறது, ஏறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த மூன்றையும் கலந்து எடுத்த 81தான் தலைப்பானது.

கோல்மனுக்கு நியாயம் செய்வதானால் ஒன்று சொல்ல வேண்டும். சரியான ஒப்பீட்டை அவர் மறந்துவிடவில்லை, 55 என்ற எண்ணும் சுழியன்று. ஆனால் அந்த ஒப்பீட்டில் முந்தைய மனநலம் எவ்வளவு கவனமாகக் கழிக்கப்பட்டது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இதே ஆண்டின் அகாதெமி மதிப்பாய்வு, ஆய்வுகளைத் தரம் பார்த்து வடிகட்டி, கருக்கலைப்புக்குப் பின் யாருக்கு மனநலச் சிக்கல் வரும் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில் மிக நம்பகமானது அதற்கு முன்பே இருந்த மனநலச் சிக்கலே என்ற முடிவுக்கு வந்தது. விரும்பாத கருவுறுதலே மனநலச் சிக்கல் கூடுவதோடு சேர்ந்து நிற்கிறது என்றும் கூறியது.

காலத்தின் வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் கோல்மனின் மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டு. 2009இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க தேசிய மனநோய்க் கணக்கெடுப்பைக் கொண்டு, கருக்கலைப்புக்கும் பதற்றம், மனச்சோர்வு, போதைப் பழக்கம் முதலியவற்றுக்கும் தொடர்பு கண்டனர். ஜூலியா ஸ்டைன்பெர்க்கும் லாரன்ஸ் ஃபைனரும் அதே தரவை எடுத்து மீண்டும் கணக்கிட்டபோது அம்முடிவுகள் வரவில்லை. காரணத்தைத் தேடியபோது, வாழ்நாளில் எப்போதாவது வந்த மனநோய்களையெல்லாம் முதல் ஆய்வு எண்ணியிருந்தது தெரியவந்தது. பதினைந்து வயதில் வந்த மனச்சோர்வு, இருபத்தைந்து வயதில் செய்த கருக்கலைப்பின் விளைவாகக் கணக்கில் ஏறியிருக்கக்கூடும். கணக்கெடுப்பை நடத்திய ரொனால்ட் கெஸ்லரும் இதழாசிரியர் ஆலன் ஷாட்ஸ்பெர்க்கும் சேர்ந்து 2012இல் அதே இதழில் குறிப்பு எழுதி, அந்த ஆய்வு தன் கூற்றுகளுக்கு ஆதாரமாகாது என்று தெரிவித்தனர். விளைவு காரணத்துக்கு முன்னால் வராது என்பது எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம். மதிப்பிட்டு வெளியிடும் ஆய்விதழில் அது தப்பிப் போயிருக்கிறது.

தம் கருத்துக்கு மாறாகச் சொன்ன இருவர்

ஆய்வாளரின் சார்பைப் பார்த்து ஆய்வை ஒதுக்கும் பழக்கம் இரு பக்கமும் உண்டு. கோல்மன் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்களோடு நெருக்கமானவர் என்பார்கள். டென்மார்க் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவற்றுள் கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஓர் அமெரிக்க அறக்கட்டளையும் உண்டு என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் சார்பு எங்கே தேட வேண்டும் என்று காட்டுமே தவிர, என்ன கிடைக்கும் என்று சொல்லாது. இருவருடைய வரலாறு இதற்குச் சான்று.

முதலாமவர் எவரெட் கூப். ஃபிலடெல்ஃபியாவில் குழந்தை அறுவை மருத்துவராகப் புகழ்பெற்றவர். கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். அதனாலேயே அதிபர் ரீகன் அவரை அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக நியமித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1987இல் கருக்கலைப்பு பெண்ணின் உடல், மனநலத்துக்குச் செய்யும் கேடு பற்றி அறிக்கை தருமாறு ரீகன் கேட்டார். எத்தகைய அறிக்கை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கூப் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்தார், இரு தரப்பு அமைப்புகளையும் சந்தித்தார். 1989 ஜனவரியில் அதிபருக்கு அவர் எழுதியது அறிக்கையன்று, ஒரு கடிதம்: இருக்கும் ஆய்வுகள் எந்தத் தரப்புக்கும் உறுதியான ஆதாரம் ஆகா, முறையான நீண்டகால ஆய்வு தேவை என்றது. பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன், தனிப் பெண்களுக்கு உளத்துன்பம் நேர்வதுண்டு, ஆனால் பொதுச் சுகாதார நோக்கில் அது மிகச் சிறிய அளவே என்று சாட்சியம் சொன்னார். சொந்த அணியினர் அவரை மன்னிக்கவில்லை.

இரண்டாமவர் நியூசிலாந்தின் டேவிட் ஃபெர்குசன். கிறைஸ்ட்சர்ச் நகரில் 1977இல் பிறந்த 1,265 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்துவந்த புகழ்பெற்ற ஆய்வை நடத்தியவர். கருக்கலைப்பு பெண்ணின் விருப்பம் என்ற நிலைப்பாடு கொண்டவர். ஆனால் அவருடைய தரவு 2006இல் வேறு கதை சொன்னது: குழந்தைப் பருவச் சூழல், முந்தைய மனநலம் ஆகியவற்றைக் கழித்த பிறகும், கருக்கலைப்பு செய்த இளம்பெண்களுக்கு மனநலச் சிக்கல் ஓரளவு கூடுதலாக இருந்தது. அவர் அதை வெளியிட்டார். 2008இல் முப்பது வயது வரையான தரவைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, மனநோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல் என்றும், மொத்த மனநோயில் இதன் பங்கு 1.5 முதல் 5.5 சதவீதம் வரை மட்டுமே என்றும் எழுதினார். இது விலக்கிவைக்க முடியாத ஆய்வு. அதன் குறை, கருக்கலைப்பு செய்தவர்களின் எண்ணிக்கை சிறிது என்பதும், பிள்ளை பெற்றவர்களுள் விரும்பாமல் பெற்றவர்களைத் தெளிவாகப் பிரித்தறிவது கடினமாக இருந்தது என்பதும்தான்.

ஃபெர்குசன் கிளப்பிய இன்னொரு வினாவே ஆழமானது. அன்றைய நியூசிலாந்துச் சட்டத்தில் பெரும்பாலான கருக்கலைப்புகள் பெண்ணின் மனநலத்தைக் காக்கவே என்ற காரணத்தின்கீழ் அனுமதிக்கப்பட்டன. கருக்கலைப்பு மனநலத்தைக் கெடுக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேம்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டார். 2013இல் இருந்த ஆய்வுகளை மறுபடி பார்த்து, விரும்பாத கருவின் மனநலக் கேட்டைக் கருக்கலைப்பு குறைப்பதாகச் சான்றில்லை என்று முடித்தார். இது ஆதரவாளர்களுக்குக் கசப்பான செய்தி. ஆனால் இதிலிருந்து தெரிவது சட்டம் தவறான கதவின் வழியே பெண்களை உள்ளே விட்டது என்பதே. நியூசிலாந்து 2020இல் அந்தக் கதவையே எடுத்துவிட்டது.

மறுக்கப்பட்ட பெண்கள்

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் நடந்த 'டர்ன்அவே' ஆய்வு, ஒப்பீட்டுச் சிக்கலுக்குப் புதிய வழி கண்டது. அமெரிக்காவின் ஒவ்வொரு மருத்துவமனையும் இத்தனை வாரம் வரைதான் கருக்கலைப்பு செய்யும் என்று எல்லை வைத்திருந்தது. எல்லைக்குச் சில நாள் முன்னால் வந்தவருக்குச் செய்தார்கள்; சில நாள் பின்னால் வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். இரு சாராரும் கருவைக் கலைக்க விரும்பியவர்களே. 2008 முதல் 2010 வரை 21 மாநிலங்களின் 30 மருத்துவமனைகளில் ஏறத்தாழ ஆயிரம் பெண்களைச் சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாண்டுகள் பேசினார்கள்.

முடிவு 2017இல் வந்தது. முதல் வாரத்தில் மறுக்கப்பட்டவர்களுக்கே பதற்றம் கூடுதல், தன்மதிப்பும் வாழ்க்கை நிறைவும் குறைவு. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இரு குழுவும் ஒன்றாகிவிட்டன. ஐந்தாண்டு வரை அப்படியே இருந்தன. மறுப்பு வாழ்நாள் மனநோயைத் தரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் இது ஏமாற்றமே. மறுக்கப்பட்டவர்களின் கையில் தங்கிய பாதிப்பு வேறு வகை: நிலுவைக் கடன், திவால், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றம். எதற்காகக் கலைக்க வந்தீர்கள் என்று கேட்டதற்கு அப்பெண்கள் பணம், பொருந்தாத காலம், துணைவர், ஏற்கெனவே உள்ள பிள்ளைகள் என்றே பெரும்பாலும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டு சண்டையிட்ட வினா, அப்பெண்களின் வினாவாக இல்லை.

இந்த ஆய்வின் பெரிய பலவீனம் பங்கேற்பு. அழைக்கப்பட்ட தகுதியுள்ளவர்களுள் 37.5 சதவீதத்தினரே ஒப்புக்கொண்டனர். ஐந்தாம் ஆண்டில் தொடர்ந்தவர்கள் தொடங்கியவர்களுள் 58 சதவீதம். மிகவும் வருந்தியவர்கள் பேச வராமல் இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை முற்றாக நீக்க முடியாது. செய்தது சரியான முடிவே என்று 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள் என்ற புகழ்பெற்ற எண்ணையும் இந்த வரம்போடுதான் படிக்க வேண்டும்.

சராசரியும் ஒரு பெண்ணும்

அமெரிக்க உளவியல் சங்கம் பிரெண்டா மேஜர் தலைமையில் அமைத்த குழு 2008இல் தந்த அறிக்கையின் புகழ்பெற்ற வாக்கியம் எச்சரிக்கையோடு எழுதப்பட்டது: திட்டமிடாமல் கருவுற்ற வயதுவந்த பெண், முதல் மூன்று மாதத்தில் ஒரே ஒரு கருக்கலைப்பு செய்துகொண்டால், அவருடைய மனநலச் சிக்கல் வாய்ப்பு அக்கருவைப் பெற்றெடுப்பதைவிடக் கூடுதலன்று. வயதுவந்த, திட்டமிடாத, முதல் மூன்று மாதம், ஒன்று — இந்த நான்கு சொற்களும் செய்திகளில் உதிர்ந்துவிட்டன. எஞ்சியது, கருக்கலைப்பால் ஒன்றும் ஆகாது என்பது. அதே அறிக்கை சில பெண்கள் துயரும் இழப்பும் உணர்கிறார்கள், சிலர் மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு வருந்துகிறார்கள் என்று சொல்கிறது. விரும்பிய கருவைக் குறைபாடு காரணமாகக் கலைக்க நேர்ந்தவரின் துயர், விரும்பிய குழந்தையைப் பிறப்பிலேயே இழந்தவரின் துயருக்கு ஒப்பானது என்கிறது. ஊர் பழிக்கும் என்ற அச்சம், யாரிடமும் சொல்ல முடியாத நிலை, ஆதரவின்மை ஆகியவை துயரைக் கூட்டுகின்றன என்கிறது. சராசரியைக் காட்டி ஒரு பெண்ணின் அழுகையை மறுப்பது, அவளுடைய அழுகையைக் காட்டிச் சராசரியை மறுப்பதைப் போன்றே பிழையானது.

நீதிமன்றத்துக்குப் போனபோது இது நேரடி விளைவு கொண்டதாயிற்று. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கருக்கலைப்பு முறையின் மீதான தடையை ஏற்றபோது, பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கென்னடி, இதை அளக்க நம்பகமான தரவு இல்லை என்று ஒப்புக்கொண்டே, சில பெண்கள் பின்னர் வருந்துவர் என்று முடிவுகட்டினார். தெற்கு டகோட்டா மாநிலத்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கருக்கலைப்புக்கு வரும் பெண்ணிடம் தற்கொலை வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர் சொல்ல வேண்டும் என்றது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 'கூடுதல் வாய்ப்பு' என்ற சொல் மருத்துவ வழக்கில் தொடர்பை மட்டுமே குறிக்கும், காரணத்தைக் குறிக்க வேண்டியதில்லை. எனவே அது பொய்யன்று என்பது நீதிமன்றத்தின் வாதம். அறைக்குள் மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் பெண் தொடர்பு, காரணம் என்று பிரித்துக் கேட்பாளா? 'இதைச் செய்தால் தற்கொலை செய்துகொள்வாய்' என்றே அவள் காதில் விழும். புள்ளியியல் வகுப்பில் பிழையற்ற வாக்கியம், மருத்துவமனையில் மிரட்டலாக மாறக்கூடும்.

இந்தியச் சட்டத்தில் மனநலம்

இவ்வாய்வுகள் எதுவும் இந்தியாவில் நடந்தவையல்ல. ஆனால் சட்டத்தின் வழியே நேரடித் தொடர்பு உண்டு. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், பெண்ணின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு நேரும் நிலையில் மருத்துவர் கருவைக் கலைக்கலாம் என்கிறது. வன்புணர்ச்சியால் உண்டான கருவின் வேதனையை மனநலக் கேடாகவே சட்டம் கொள்கிறது. கருத்தடை தவறி உண்டான கருவையும் அவ்வாறே கொள்ளலாம் என்கிறது. முதலில் மணமான பெண்ணுக்கு மட்டும் இருந்த இந்த இரண்டாவது விளக்கம், 2021 திருத்தத்தில் எந்தப் பெண்ணுக்கும் அவருடைய துணைவருக்கும் என்று விரிந்தது. அதாவது இங்கும் மனநலமே கதவு. ஃபெர்குசனின் வினா இங்கும் பொருந்தும், விடையும் அதேதான். மூன்றாவது பிள்ளையை வளர்க்க வழியில்லாத பெண்ணுக்கு வேண்டியது மனநோய்ச் சான்றிதழன்று.

ஆகவே இந்தியாவில் மனநலக் காரணத்துக்காக இத்தனை கருக்கலைப்புகள் என்ற பட்டியலைக் காணும்போது, அத்தனை பெண்கள் மனநோயாளிகள் என்று படிக்கக் கூடாது. மேலைநாட்டு முடிவுகளை அப்படியே இங்கு இறக்குமதி செய்வதும் ஆகாது. டென்மார்க்கில் ஒவ்வொரு கருக்கலைப்பும் பதிவேட்டில் ஏறுகிறது. இந்தியாவிலோ, 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2018இல் வெளியான மதிப்பீட்டின்படி, 2015இல் நடந்த 1 கோடியே 56 இலட்சம் கருக்கலைப்புகளுள் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை வாங்கி நடந்தவை. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கும் இலங்கையில் பதிவேட்டை நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. மாமியார் வற்புறுத்தலால் கலைத்தவர், பெண் கரு என்று அறிந்து கலைக்கவைக்கப்பட்டவர், கணவருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்கியவர் ஆகிய மூவரும் ஒரே சொல்லின்கீழ் வந்தாலும் ஒப்பீட்டுக்கு ஒரே குழுவாக மாட்டார்கள். இங்கு ஆய்வு செய்ய வருபவர் கருக்கலைப்பு செய்தீர்களா என்று கேட்பதற்கு முன், முடிவு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கும். அதுவும் அந்தப் பெண் தனியாக இருக்கும்போது.